நெஞ்சு வலிக்குக் காலை ஏன் கிழித்தார்கள்?

1

மலேசியாவுக்கு வந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. இதை எனக்கு நினைவுபடுத்தியது என் கணவர் அல்ல, குடிநுழைவு அலுவலகம். வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது கவுன்டரில் இருந்த பெண் என் பழைய படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து, "இது நீங்கள்தானா?" என்று மலாயில் கேட்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். நியாயமான சந்தேகம்தான். படத்தில் இருந்தவள் நாமக்கல்லில் இருந்து அப்போதுதான் வந்திறங்கியவள். தலை நிறைய முடியும், முகம் நிறைய பயமும் இருந்தன. இப்போது இரண்டிலும் பாதி குறைந்துவிட்டது.

நாங்கள் இருப்பது கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில். நான் வேலை பார்ப்பது கிள்ளானில், கடைவீட்டு வரிசை ஒன்றின் மாடியில் இயங்கும் சிறிய தனியார் பள்ளியில். தினமும் காலையில் ரயிலேறிப் போய் அறிவியல் நடத்திவிட்டு, சாயங்காலம் ரயிலேறித் திரும்புகிறேன். பள்ளிக்குக் கீழே வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. அதனால் பதினொரு மணிக்கு மேல் என் மாணவர்கள் கவனிக்கும் ஒரே வேதியியல் மாற்றம் மீன் குழம்பு கொதிப்பதுதான். பாடம் நடப்பது ஆங்கிலத்தில். பாடம் புரிவது தமிழில். சண்டை மட்டும் மலாயில்.

வேலை அனுமதி நீள வேண்டுமென்றால் பள்ளி ஒப்பந்தம் நீள வேண்டும். ஒப்பந்தம் நீள வேண்டுமென்றால் முதல்வர் என் வகுப்பில் ஒரு பாடவேளை உட்கார்ந்து பார்த்து, இவள் தேறுவாள் என்று சொல்ல வேண்டும். இந்த வருடம் அதில் ஒரு சிக்கல் சேர்ந்துகொண்டது.

2

எங்கள் முதல்வர் சிவப்பிரகாசம், தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். இங்கே பிறந்து வளர்ந்தவர். பேசுவதில் முக்கால்வாசி ஆங்கிலம். மனது இளகினால் மட்டும் தமிழ் வரும், அதுவும் யாழ்ப்பாணத் தமிழாக வரும். ஆகவே அவர் தமிழ் பேசினால் ஆசிரியர் அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம்.

அவர் ஏதோ ஒரு பயிலரங்குக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து இரண்டு சொற்களை விடவே இல்லை. கற்பனை, பரிவு. நல்ல ஆசிரியரின் வகுப்பில் இரண்டும் இருக்க வேண்டுமாம். இனி எங்களை மதிப்பிடும் தாளில் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி இருக்குமாம்.

"இமேஜினேஷன் சரி. எம்பதின்னா என்னா டீச்சர்?" என்று கேட்டார் லெட்சுமி அக்கா. அலுவலகக் குமாஸ்தா. பள்ளியை உண்மையில் நடத்துபவர் அவர்தான். "பூச்சோங் பக்கம் புதுசா வீடு கட்டி விக்கிற தாமான் பேரு மாதிரி இருக்குலா."

"அடுத்தவங்க வலிய நம்ம வலியா நெனைக்கிறதுக்கா."

"அதுக்கு எதுக்கு பெட்டி? இந்த ஆபீஸ்ல எல்லார் வலியும் எனக்குத்தான் தலைவலி."

லெட்சுமி அக்காவோடு என் பழக்கமே ஒரு மொழிச் சறுக்கலில் தொடங்கியது. நான் சேர்ந்த முதல் நாள், "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார். எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் ஊரில் இவ்வளவு இலக்கணமாக யாரும் விசாரிப்பதில்லை. காலைப் பலகாரம் ஆச்சா என்பதற்கு இங்கே அதுதான் பேச்சு என்று எனக்குத் தெரியாது. ஊரில் "சாப்ட்டாச்சா" என்று கேட்டால் "ஆச்சு" என்பதுதான் விடை. பட்டினியாக இருந்தாலும் அதுதான் விடை. அந்தத் தமிழின் அழகில் மயங்கி, "இன்னும் இல்லை" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் என் மேசையில் தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமாக ஒரு நாசி லெமாக் பொட்டலம் இருந்தது. கேள்வி கேட்பவர் விடையைக் கேட்டு ஏதாவது செய்யவும் கூடும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

3

மதிப்பீட்டு வாரத்தில் எனக்கு வாய்த்த பாடம், இதயமும் இரத்த ஓட்டமும்.

இதயத்துக்கும் எனக்கும் பழைய பழக்கம். நாமக்கல்லில் நான் படித்ததும் பிறகு பாடம் நடத்தியதும் மதிப்பெண்ணுக்கென்றே கட்டிய விடுதிப் பள்ளிகளில். அங்கே இதயம் என்பது ஒரு ஐந்து மதிப்பெண் படம். கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். வலப்பக்கம் நீலம், இடப்பக்கம் சிவப்பு, அம்புக்குறிகளுக்கு மட்டும் அரை மதிப்பெண். பள்ளியில் இதயத்தின் அழகான பெரிய வரைபடம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் கைபட்டால் கெட்டுவிடும் என்று அதை பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். ஆய்வாளர் வரும்போது மட்டும் வெளியே எடுப்பார்கள். எங்கள் பள்ளியின் இதயம் அவருக்காக மட்டும்தான் திறந்தது.

என் அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் நெஞ்சு வலிக்காக இரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற கம்பிச்சுருள் வைத்தபோது, வீடியோவில் டாக்டர் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். உயிரியல் படித்த மகள் என்று அப்பா அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்து மதிப்பெண் படத்தில் அப்பாவை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே வந்தும் இதயத்தால் மாட்டிக்கொண்டேன். வந்த புதிதில் மலாய் கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில், தினமும் மழையில் குடை பிடித்து ரோட்டைக் கடக்க உதவும் எங்கள் மலாய்க்காரக் காவலாளியிடம் "என் இதயத்திலிருந்து நன்றி" என்று சொன்னேன். அகராதியில் பார்த்து "ஜந்தோங்" என்ற சொல்லைப் போட்டேன். அவர் பதறிப்போய் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, லெட்சுமி அக்காவைக் கூவி அழைத்துவிட்டார். ஜந்தோங் என்றால் துடிக்கிற உறுப்பு மட்டும்தானாம். நன்றி, காதல், வருத்தம் எல்லாம் "ஹாத்தி"யிலிருந்துதான் வர வேண்டும். ஹாத்தி என்றால் ஈரலும்தான்.

மதிப்பீட்டுக்கு முந்தைய நாள் இந்தப் பழைய கதையைச் சொல்லி வீட்டில் சிரித்தபோது என் மகள் நிலா சிரிக்கவில்லை. அவளுக்குப் பத்து வயது. இந்த ஊர்ப் பிள்ளையாகவே வளர்ந்துவிட்டாள்.

"நீங்க மட்டும் பயந்தா ஈரக்கொல நடுங்குதுன்னு சொல்றீங்க. அது மட்டும் ஓக்கேவா? அவங்களது மட்டும் ஃபன்னியா? அம்மா, யூ ஆ, ரொம்ப நாமக்கல்லா."

நாமக்கல் என்பது எங்கள் வீட்டில் வசைச்சொல் ஆகிவிட்டது. ஆனாலும் அன்று முதல்வரின் பெட்டிகளை நினைத்துக்கொண்டு பாடத்தைத் தயாரிக்கும்போது, அவள் சொன்னதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த நாமக்கல் ஐந்து மதிப்பெண் படத்தை இந்த முறை வரையவே கூடாது என்று முடிவு செய்தேன்.

4

மேசைகளை நகர்த்தி வகுப்பறையையே உடம்பாக்கினேன். நடுவில் நான்கு அறைகள் கொண்ட இதயம். வெண்பலகைப் பக்கம் நுரையீரல். பின் வரிசை கால்கள். மாணவர்கள் இரத்த அணுக்கள். நுரையீரலில் வெய் ஜீ என்ற சீனப் பையன் நின்று சிவப்பு அட்டை கொடுப்பான். அதுதான் பிராணவாயு. அதைக் கொண்டுபோய் உடம்பில் கொடுத்துவிட்டு, நீல அட்டையோடு திரும்பி வர வேண்டும்.

அறைகளுக்கு நடுவே வால்வுகள் வேண்டுமே. ஒரு வால்வாக யுவராஜை நிறுத்தினேன். பதினான்கு வயது. இரண்டு வருடமாக என் வகுப்பில் அவன் வாய் திறந்தது "டீச்சர், டாய்லெட்" என்பதற்கு மட்டும்தான்.

"வால்வுன்னா ஒரு பக்கமாத்தான் திறக்கும். முன்னால போறவங்கள விடு. திரும்பி வர்றவங்கள விடாத. அவ்வளவுதான்."

"யார் வந்தாலுமா டீச்சர்?"

"யார் வந்தாலும்."

முதல்வர் வந்து பின்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் தாள், கையில் பேனா. ஒரு பெண் போய்ப் பணிவாகச் சொன்னாள்: "சார், நீங்க கால் கட்டைவிரல்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இரத்தம் ஓடத் தொடங்கியது. முதல் சுற்றில் நுரையீரலில் நெரிசல். இரண்டாம் சுற்றில் ஒருவன் அட்டை வாங்காமலே உடம்புக்குப் போய்விட்டான், எல்லோரும் கத்தி அவனைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் சுற்றில் தாளம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு அணுவும் முதல்வரிடம் சிவப்பு அட்டையைக் கொடுத்து நீலத்தை வாங்கிக்கொண்டு ஓடியது. அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டார். கொஞ்ச நேரத்தில், "ஹலோ, நான் இங்க வெயிட் பண்றன்" என்று தாமதமாக வந்த ஒருவனைக் கடிந்தும் கொண்டார்.

பிறகு ஆர்வம் தாங்காமல் அவரே எழுந்து இரத்தத்தோடு கலந்துவிட்டார். வலது பக்கம் நுழைந்து, யுவராஜைத் தாண்டி உள்ளே போனதும் அவருடைய கைப்பேசி அடித்தது. அவசரமாகத் திரும்பினார். யுவராஜ் இரண்டு கைகளையும் விரித்து நின்றான்.

"சாரி சார். பின்னால போவ முடியாது."

"ஐ ஹேவ் எ கால்."

"லங்ஸ் போய் சுத்தி வாங்க சார்."

"யுவராஜ், இட்ஸ் த ஹெட்குவார்ட்டர்ஸ்."

"சார், திரும்ப விட்டா உடம்புக்கு ஆபத்து சார்."

அவன் குரல் இப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். முதல்வர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "எஸ், எஸ், ஜஸ்ட் கோயிங் த்ரூ த லங்ஸ்" என்று தலைமையகத்துக்குச் சொல்லியபடியே நுரையீரலுக்குப் போனார். வெய் ஜீ விடவில்லை, சிவப்பு அட்டை கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டு இடப்பக்க இதயம் வழியாகச் சுற்றி வெளியே வந்துதான் அவரால் பேச முடிந்தது.

கற்பனைப் பெட்டி நிரம்பிவிட்டது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் ஜன்னலோரம் ஒரு பெண் எழுந்திருக்கவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

5

அவள் தனுஷா. வகுப்பிலேயே அதிகம் சிரிப்பவள். அன்று பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தனுஷா, வாம்மா. உனக்கும் ஒரு அட்டை இருக்கு."

"வேணாம் டீச்சர்." கொஞ்சம் பொறுத்து, "டீச்சர், நடுவுல அடைச்சுக்கிட்டா என்னா ஆவும்?" என்று கேட்டாள்.

"மாத்தி! அவ்ளோதான்!" என்றான் யுவராஜ். மலாயில் மாத்தி என்றால் சாவு. வகுப்பே சிரித்தது. தனுஷா சிரிக்கவில்லை. யுவராஜின் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

நான் அவள் பக்கத்தில் போய் முழங்காலிட்டேன். முதல்வர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போது மறந்துவிட்டது.

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

அவள் அப்பா போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுபவர். சில வாரங்களுக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். அறுவை சிகிச்சை நடந்து வீட்டுக்கும் வந்துவிட்டார். பள்ளியில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தாளாம். வீட்டில் கேட்டால், "ஒன்னும் இல்ல, நீ போய் படி" என்பதுதான் விடையாம்.

"நெஞ்ச கிழிச்சிருக்காங்க டீச்சர். அது சரி. ஆனா காலயும் கிழிச்சிருக்காங்க. நீளமா. அவரு குளிச்சிட்டு வரப்ப பாத்துட்டேன். நெஞ்சு வலிக்கு எதுக்கு டீச்சர் கால கிழிக்கணும்?" பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். "டாக்டர் தப்பா பண்ணிட்டாங்களா? இல்ல கால்லயும் வேற வியாதி இருக்கா? எங்கிட்ட மறைக்கிறாங்களா?"

கீழே கடையில் பாத்திரம் விழும் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை நாளும் இந்தக் கேள்வியை அவள் தனியாகச் சுமந்துகொண்டு, என் ஒளிச்சேர்க்கைப் பாடத்தையும் அமிலப் பாடத்தையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளிடம் சொல்லியதெல்லாம், "தனுஷா, கவனம் எங்க இருக்கு?" என்பதுதான்.

பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. விளக்கத் தொடங்கினால் வகுப்பு முடிந்துவிடும், நான் முடிக்க வேண்டிய பகுதி முடியாது. இருந்தாலும் எழுந்து, "தப்பு ஒன்னும் இல்ல. எதுக்குன்னு நாமளே கண்டுபிடிப்போமா?" என்றேன்.

இதயத்தின் சுவராக நான்கு பேரை நிற்கவைத்தேன். "இவங்கதான் எல்லாரையும் தள்ளி விடுறாங்க. நாள் முழுக்க வேல. இவங்களுக்கும் சிவப்பு அட்டை வேணுமில்லையா?" அவர்களுக்கென்று ஒரு சின்னப் பாதை போட்டோம். பிறகு பைகளை அந்தப் பாதையில் குவித்தோம். அட்டை வரவில்லை. சுவராக நின்ற ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தத்ரூபமாகச் சாயத் தொடங்கினாள்.

"இப்ப என்ன பண்ணலாம்?"

"பேக்க தூக்கிடலாம் டீச்சர்."

"ரொம்ப இறுகிப் போச்சு. எடுக்க முடியாது."

ஜன்னலோரத்திலிருந்து தனுஷா மெல்லச் சொன்னாள்: "ஹைவேல ஜாம்னா அப்பா கம்பத்து வீடுங்களுக்கு நடுவுல உள் ரோட்டுல பூந்து அந்தப் பக்கம் ஏறிடுவாரு."

"அதேதான். அடைப்புக்கு முன்னால ஆரம்பிச்சு அடைப்புக்குப் பின்னால போய்ச் சேர ஒரு புது ரோடு. ஆனா ரோடு போட ஏதாவது வேணுமே. உடம்புக்குள்ள புதுக் குழாய்க்கு எங்க போறது?"

எல்லோரும் வகுப்பறையைச் சுற்றிப் பார்த்தார்கள். பின்வரிசையில், கால்களில், நாற்காலிகள் இரண்டு நீண்ட வரிசையாகக் கிடந்தன. தனுஷா அவற்றையே பார்த்தாள். சட்டென்று பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"டீச்சர்! கால்லேருந்து!"

"கால்ல ஒரு குழாய எடுத்தா கால் என்ன பண்ணும்?"

"அங்க இன்னொரு லைன் இருக்கு டீச்சர். அது பாத்துக்கும்!"

அதற்குமேல் என்னால் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. பின்வரிசை நாற்காலிகள் தலைக்கு மேல் பறந்து வந்தன. புது ரோடு வளர்ந்தது. கடைசியில் ஒரு நாற்காலி குறைந்தது. தனுஷா நேராக முதல்வர் முன்னால் போய் நின்றாள்.

"சார், எழுந்திருங்க. அவசரம்."

கட்டைவிரல் மறுபேச்சில்லாமல் எழுந்தது. அந்த நாற்காலியை அவளே தூக்கி வந்து அடைப்புக்கு அந்தப் பக்கம் வைத்தாள். முதல் சிவப்பு அட்டையையும் அவளே கொண்டுபோனாள். சாய்ந்து கிடந்த இதயச் சுவர் அதை வாங்கியதும் துள்ளி எழுந்தது. யுவராஜ் விசில் அடித்தான். தனுஷா அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். மணி அடித்தும் யாரும் சாப்பிடக் கீழே போகவில்லை. மீன் குழம்பு வாசம் முதல் தடவையாக என் வகுப்பில் தோற்றது.

6

சாயங்காலம் முதல்வர் கூப்பிட்டார்.

"மிஸஸ் வசந்தி, பைபாஸ் இஸ் நாட் இன் த சிலபஸ்."

"தெரியும் சார்."

"யூ டிட் நாட் ஃபினிஷ் த லெசன்."

"தெரியும் சார்."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "இந்த எம்பதிப் பெட்டியில என்ன எழுதுறதெண்டு எனக்குத் தெரியேல்ல. நீங்களே சொல்லுங்கோ."

எனக்கும் தெரியவில்லை. கற்பனையை நான் வீட்டில் உட்கார்ந்து தயாரித்தேன். பரிவை அப்படித் தயாரிக்க முடியவில்லை. ஆட்டத்தில் சேர மறுத்த ஒரு பிள்ளை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். என் ஆட்டம் அவளை எவ்வளவு நோகடித்திருக்கும் என்று முன்பே நான் எண்ணிப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. என் ஒப்பந்தம் நீண்டது.

தவணை முடிவில் பெற்றோர் சந்திப்பு நாள். மனைவியோடும் மகளோடும் ஒருவர் மெதுவாகப் படியேறி வந்தார். மெலிந்த உடம்பு. இடுப்புவார் கடைசி ஓட்டையில் இருந்தது. தனுஷாவின் அப்பா.

"டீச்சர், ஆஸ்பத்திரில டாக்டர் சொன்னது எனக்கு ஒன்னுமே வெளங்கல. ஓக்கே டாக்டர், ஓக்கே டாக்டர்னு வந்துட்டேன். இவதான் கட்டில்ல தலகாணிய அடுக்கி காட்டுனா. அப்பறந்தான் எனக்கே தெரியும், எனக்கு என்னா பண்ணாங்கன்னு."

"வீட்டுலயும் முழுக்கால மூடுற லொங் சிலுவாரு தான் டீச்சர், தூங்கறப்பகூட" என்றாள் மனைவி. "கால இவ பாத்துடக் கூடாதுன்னு. இந்த வெயில்ல!"

"பயந்துருவான்னு நெனச்சேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டா என்னா சொல்றதுன்னு எனக்குத்தான் பயம்."

அப்போது, மதிப்பெண் அட்டை வாங்க வரிசையில் நின்றிருந்த யுவராஜ் தலையை நீட்டினான். "அங்கிள், அந்த ரோடு எடுத்த எடத்த காட்டுவீங்களா?"

அவன் அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். தனுஷா தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். கணுக்காலிலிருந்து மேலே ஓடியது நீண்ட தழும்பு. நிமிடத்தில் பாதி வகுப்பு சுற்றிக் குந்திவிட்டது. பின்னால் வந்து நின்ற முதல்வரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"நல்ல நேராத் தைச்சிருக்கிறாங்கள்" என்றார் தமிழில்.

தனுஷா அடிக்கோலை எடுத்து, இங்கிருந்து இதுவரை, இது நெஞ்சில் இந்த இடத்துக்கு என்று விளக்கினாள். அவர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு தகப்பன் தன் இடுப்பில் இருக்கும் தழும்பையும் காட்ட முன்வந்தார், அவர் மனைவி தடுத்துவிட்டாள்.

எல்லாம் முடிந்து காற்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் நிமிர்ந்தார். "சரி டீச்சர். இவ மார்க் எப்படி?"

நான் அட்டையை நீட்டினேன். இரத்த ஓட்டத்துக்கு முழு மதிப்பெண். மற்ற எல்லாப் பாடத்திலும் தரம் குறிக்கும் எழுத்துகள் ஆங்கில அகரவரிசையின் பின்பக்கம் இருந்தன. அவர் புருவம் மெல்ல உயர்ந்தது.

"என்னாது இது? கணக்குல இது என்னா? இதுக்கா நான் லோரி ஓட்டி உன்ன இங்க போட்டேன்? டிவிய தொறந்தா பாரு இனிமே! போனு கட்!"

அவர் மனைவி "டாக்டர் கோவப்படக் கூடாதுன்னாருங்க" என்று கையைப் பிடித்தாள். அவர் கேட்கவில்லை. குரல் படிக்கட்டு வரை கேட்டது. நல்ல பலமான குரல்.

விழுந்த நாளிலிருந்து அவர் வீட்டில் யாரையும் ஒரு வார்த்தை அதட்டியதில்லை என்று அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னாள். அதனால்தானோ என்னவோ, அப்பா திட்டத் திட்ட, தனுஷா வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தாள்.